எந்த விரலானாலும் சரி

நகைக்கடை விளம்பரங்களும் அவற்றை ஒட்டி வரும் காணொளிகளும் சேர்ந்து மோதிரத்துக்கென்று தனி அகராதி ஒன்றையே உருவாக்கிவிட்டன. நடுவில் ஒற்றை வைரம் இருந்தால் பிரியாத காதல். மூன்று கல் பதித்தால் நேற்று, இன்று, நாளை. வளையத்தைச் சுற்றிலும் பொடிக்கல் இருந்தால் முடிவில்லாத உறவு. ஆள்காட்டி விரலில் போட்டால் ஆளுமை, நடுவிரலில் போட்டால் நிதானம், சுண்டுவிரலில் போட்டால் சாமர்த்தியம். நம் பாட்டிமார் போட்டிருந்த நெளி மோதிரத்துக்கும் வங்கி மோதிரத்துக்கும் இப்படி யாரும் பொழிப்புரை எழுதியதாகத் தெரியவில்லை. இப்போதோ கல்லுக்கு ஒரு பொருள், விரலுக்கு ஒரு பொருள், உலோகத்துக்கு ஒரு பொருள் என்று வகுத்துவிட்டார்கள். பொருளுக்கு ஏற்றபடி விலையும் ஏறுகிறது. இந்த அகராதியின் பெரும்பகுதியை எழுதியவர்கள் விற்பவர்கள்தான். ஒரு மோதிரத்தை அணிவதால் யார் யாருக்கு என்ன கடமைப்படுகிறார், அதற்கு யார் சாட்சி என்பதைக் கேட்டால்தான் அந்த மோதிரத்தின் பொருள் தெரியும். வரலாற்றில் நிலைத்து நின்ற மோதிரங்களை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். அதைவிடத் தெளிவாக, தமிழ்நாட்டின் சட்டம் ஒன்று இதை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது.

அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சீர்திருத்தத் திருமணங்களுக்கும் சட்ட ஏற்பு தந்த பிரிவு அது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொன்னாலே போதும். மாலை மாற்றிக்கொள்ளலாம், தாலி கட்டலாம், அல்லது ஒருவர் விரலில் மற்றவர் மோதிரம் அணிவிக்கலாம். இவற்றில் எது நடந்தாலும் திருமணம் செல்லும். மோதிரத்தைப் பற்றி அந்தப் பிரிவு சொல்வதைக் கவனிக்க வேண்டும். எந்த விரலிலும் அணிவிக்கலாம் என்கிறது. தங்கமா வெள்ளியா என்று கேட்கவில்லை. கல் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. அது வற்புறுத்துவது இரண்டே நிபந்தனைகள். மோதிரம் இரு பக்கமும் போக வேண்டும், பார்க்க ஆள் இருக்க வேண்டும். 2001-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாவதாகத் திருமணம் செய்தவர் மீதான வழக்கு அது. இரண்டாம் திருமணத்தில் ஏழடி எடுத்து வைக்கும் சப்தபதி நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே ஆகாது என்பது எதிர்வாதம். 7ஏ பிரிவு இருக்கும் இடத்தில் அந்தச் சடங்கு கட்டாயமில்லை என்று கூறி, நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. சடங்கை இவ்வளவு எளிமையாக்கியதன் பயன் இங்கே தெரிகிறது. சடங்கில் குறை கண்டுபிடித்துக் கடமையிலிருந்து நழுவும் வழி அடைபட்டது.

விரலைச் சட்டம் பொருட்படுத்தாமல் விட்டது தற்செயலாகக்கூட இருக்கலாம், ஆனால் வரலாறு அதன் பக்கம்தான் நிற்கிறது. இடக்கை மோதிர விரலிலிருந்து நேராக இதயத்துக்கு ஒரு நரம்பு ஓடுகிறது என்ற கதையை இன்றும் நிச்சயதார்த்த மேடைகளில் கேட்கலாம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியுஸ், எகிப்தியர் உடலை அறுத்துப் பார்த்துக் கண்டதாக அப்பியோன் என்பவர் எழுதியதை எடுத்துச் சொல்கிறார். பின்னால் வந்தவர்கள் நரம்பை ரத்தக்குழாய் ஆக்கினார்கள். உடற்கூற்றில் அப்படி ஒரு தனி வழி கிடையாது. எல்லா விரல்களின் ரத்தமும் ஒரே இதயத்துக்குத்தான் திரும்புகிறது. ஜெர்மனியிலும் போலந்திலும் ரஷ்யாவிலும் திருமண மோதிரத்தை வலக்கையில்தான் போடுகிறார்கள். மரபு வழி யூதத் திருமணத்தில் மணமகளின் வலக்கை ஆள்காட்டி விரலில் போடுகிறார்கள். இத்தனை கோடிப் பேரின் இல்லறமும் இதயத்தொடர்பு இல்லாமல் நடக்கிறது என்று சொல்ல யாரும் துணிய மாட்டார்கள்.

யூத மரபைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். மோதிரத்தின் பொருள் எங்கே இருக்கிறது என்று அவர்கள் அளவுக்குக் கறாராக யோசித்தவர்கள் குறைவு. அந்த மோதிரத்தில் கல் இருக்கக் கூடாது என்பது வழக்கம். கல் இருந்தால் மணமகள் அதன் மதிப்பைத் தவறாகக் கணிக்கக்கூடும், மதிப்பைத் தவறாக எண்ணிக்கொண்டு சொன்ன சம்மதம் பழுதுபட்ட சம்மதம் ஆகிவிடும் என்பது காரணம். மோதிரத்தின் விலை மிகச் சிறிய நாணயம் ஒன்றின் அளவுக்கு இருந்தாலே போதும். ஆனால் அது மணமகனுக்கே சொந்தமானதாக இருக்க வேண்டும், இரவலாக இருக்கக் கூடாது. இரண்டு சாட்சிகள் முன்னால் நிற்க வேண்டும். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள், பாருங்கள். உரிமையும் சாட்சியும் தெளிவும் கட்டாயம், விலை பொருட்டில்லை. ரோமிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய மூத்த பிளினி, தன் காலத்திலும் நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு இரும்பு மோதிரம்தான் அனுப்பினார்கள், அதிலும் கல் கிடையாது என்று பதிவு செய்திருக்கிறார். தங்கம் குவிந்து கிடந்த ரோமில், வாக்குக்கு இரும்பு போதும் என்று நினைத்தார்கள்.

மோதிரம் அலங்காரப் பொருள் என்ற நிலையைத் தாண்டி அதிகாரம் பெற்றது முத்திரையால்தான். கையெழுத்து புழக்கத்தில் இல்லாத காலத்தில் களிமண்ணிலோ அரக்கிலோ பதிந்த மோதிரத் தடமே ஒருவரின் ஒப்புதல். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து தமிழி எழுத்தில் பெயர் பொறித்த முத்திரை மோதிரங்கள் கிடைத்திருக்கின்றன. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் ஓர் ஈமக்குழியில் கிடைத்த புகழ்பெற்ற முத்திரையும் ஒரு மோதிரத்தின் பகுதிதான். பெயர் பொறித்த மோதிரத்தை அணிந்தவன், இந்தச் சரக்குக்கு நான் பொறுப்பு, இந்த ஓலைக்கு நான் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டே நடந்தான். நபிகள் நாயகம் அயல்நாட்டு மன்னர்களுக்கு மடல் அனுப்ப எண்ணியபோது, முத்திரையில்லாத மடலை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்து, பெயர் பொறித்த வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்துகொண்டார் என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. அபூபக்கர், உமர், உஸ்மான் என்று கைமாறிய அந்த மோதிரம் உஸ்மானின் காலத்தில் மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்தது. கிணற்று நீரை இறைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. போப்பாண்டவரின் மீனவர் மோதிரத்துக்கு நடப்பது இதைவிட வியப்பானது. அவர் இறந்ததும் கர்தினால்கள் முன்னிலையில் அதை உடைப்பார்கள், அல்லது பயன்படாதபடி கீறிவிடுவார்கள். 2013-இல் பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகியபோது அவருடைய மோதிரத்தில் சிலுவைக் கோடு ஆழமாக வெட்டப்பட்டது. பொறுப்பு முடிந்த பிறகு வளையம் மட்டும் மிஞ்சியிருப்பது ஆபத்து என்பதால்தான் இத்தனை எச்சரிக்கை. அந்த ஆபத்தைத்தான் விசாகதத்தரின் முத்திராராட்சசம் நாடகமாக்கியது. அமைச்சர் ராட்சசனின் முத்திரை மோதிரம் சாணக்கியரின் கைக்குப் போகிறது. அதைக்கொண்டு முத்திரையிட்ட ஒரு பொய்க்கடிதம் ராட்சசனின் கூட்டணியையே குலைத்துவிடுகிறது.

மோதிரம் ஒருவரைக் கட்டுப்படுத்துகிறது என்றால், அவர் தப்பிக்கவும் அதே மோதிரம் உதவக்கூடும். இதை நம் இலக்கியத்தில் மிக நுட்பமாகக் காட்டியவர் காளிதாசர். எல்லோருக்கும் தெரிந்த சகுந்தலை கதையில் மோதிரம் தொலைகிறது, மன்னன் மறக்கிறான், மீன் வயிற்றில் மோதிரம் கிடைக்கிறது, நினைவு திரும்புகிறது. ஆனால் மகாபாரதத்தில் வரும் சகுந்தலை கதையில் மோதிரமே இல்லை. அங்கே துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, நினைவிருந்தும் சபையில் மறுக்கிறான். சகுந்தலை அவனோடு நேருக்கு நேர் வாதாடுகிறாள். கடைசியில் அசரீரி வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. காளிதாசர் அதில் சாபத்தையும் மோதிரத்தையும் சேர்த்தார். மன்னனின் பொய், மன்னனின் மறதியாக மாறிற்று. நாடகம் அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடமை மனிதனை விட்டு மோதிரத்துக்குள் குடிபோனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். மோதிரத்தைக் காட்ட முடியாத பெண் சபையில் தலைகுனிந்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

அந்தஸ்தைக் காட்டும் மோதிரத்தின் கதி வேறு. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்ற பழமொழி மோதிரம் அரிதாக இருந்த காலத்துப் பேச்சு. ரோமிலும் தங்க மோதிரம் ஒரு காலத்தில் உயர்குடியினருக்கு மட்டுமே உரியது. கி.மு. 216-இல் கன்னே போரில் ரோமானியப் படை அழிந்தபோது, கார்த்தேஜ் தளபதி ஹனிபலின் தம்பி மாகோ, கார்த்தேஜின் மன்ற வாசலில் ரோமானியர் விரல்களிலிருந்து கழற்றிய தங்க மோதிரங்களைக் குவியலாகக் கொட்டிக் காட்டினான் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைவிட எப்படிப்பட்டவர்கள் இறந்தார்கள் என்பதை அந்தக் குவியல் சொல்லிற்று. அப்புறம் ஆசைப்பட்டவர்களெல்லாம் போட ஆரம்பித்தார்கள். கி.பி. 23-இல் திபேரியுஸ் ஆட்சியில் கட்டுப்பாடு வந்தது. தானும் தந்தையும் தந்தைவழிப் பாட்டனும் சுதந்திரமாகப் பிறந்தவர்களாக இருக்க வேண்டும், 4,00,000 செஸ்டர்ஸ் சொத்தும் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதுவும் நிற்கவில்லை. சுமார் 170 ஆண்டுகள் கழித்து பேரரசர் செப்திமியுஸ் செவெருஸ் சாதாரணச் சிப்பாய்க்கும் தங்க மோதிரம் அணியும் உரிமை கொடுத்தார். பிறரிடம் இல்லை என்பதையே பொருளாகக் கொண்ட மோதிரம், பிறரிடம் வந்ததும் செத்துப்போகிறது.

இன்றைய வைர நிச்சய மோதிரம் அந்தஸ்தைக் காட்டும் இந்த வகையைச் சேர்ந்தது, வேடம் மட்டும் கடமையைச் சுட்டும் வகையுடையது. 1477-இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பர்கண்டி மேரிக்கு வைர மோதிரம் தந்ததை விற்பவர்கள் மரபின் தொடக்கமாகச் சொல்வார்கள். அது ஓர் அரச குடும்பத்துச் செய்தி. பொதுமக்கள் வழக்கமாக அது மாறியதற்குத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள்தான் காரணம். 1870-களில் கிம்பர்லியிலிருந்து வைரம் வெள்ளமாக வரத் தொடங்கியதும் அரிய பொருள் அரிதாக இல்லாமல் போகும் நிலை வந்தது. 1888-இல் உருவான டீ பியர்ஸ் நிறுவனம் விற்பனையைத் தன் பிடிக்குள் வைத்து விலையைக் காத்தது. 1938-இல் அமெரிக்காவில் அயர் என்ற விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது. வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற பொருள்படும் புகழ்பெற்ற வாசகத்தை 1947-இல் அங்கே பணியாற்றிய பிரான்சிஸ் கெரட்டி எழுதினார். 1980-களில் மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்ற கணக்கையும் விளம்பரமே கற்றுக்கொடுத்தது. ஜப்பானில் மூன்று மாதம். அந்த நாட்டில் 1967-இல் மணப்பெண்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வைர நிச்சய மோதிரம் பெற்றார்கள். 1981-க்குள் அது ஏறத்தாழ 60 சதவீதம் ஆயிற்று. பதினான்கே ஆண்டுகளில் ஒரு நாட்டுக்கே புது மரபு விற்கப்பட்டுவிட்டது. அந்த மோதிரம் வாங்கியவரை எதற்காவது கட்டுப்படுத்தியதா? மாதச் சம்பளத்துக்கு ஏற்ற விலை கொடுத்தாரா என்பதற்கு மேல் எந்தக் கேள்வியும் அவரிடம் கேட்கப்படவில்லை. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வந்ததும் நிலைமை இன்னும் வெளிப்படையாகிவிட்டது. 1954-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் செயற்கை வைரம் உருவாயிற்று. இன்று நகைக்கான கல் சூரத் பட்டறைகளிலேயே வளர்கிறது. 2023-இல் ஒன்றிய அரசு இதற்கான ஆராய்ச்சி மையத்தை ஐஐடி மெட்ராசிடம் ஒப்படைத்தது. வேதியியலாகவும் ஒளியிலும் இரண்டும் வைரமே, வேறுபாட்டைக் கருவி வைத்துத்தான் சொல்ல முடியும். ஆனால் ஆய்வக வைரத்தின் விலை சரிந்துகொண்டே இருக்கிறது. காதல் உண்மையில் கல்லில் இருந்திருந்தால், விலை குறைந்தது நல்ல செய்தியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? சுரங்க வைரம் விற்பவர்கள் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். எல்லா மரபும் யாரோ ஒருநாள் உண்டாக்கியதுதான், விளம்பரம் உண்டாக்கியது என்பதற்காக ஒன்றைப் பொய் என்று எப்படித் தள்ளுவது? சரியான கேள்வி. மரபின் வயது எனக்கு அளவுகோலில்லை. கனடாவின் பொறியாளர்கள் அணியும் இரும்பு மோதிரத்துக்கு இப்போதுதான் நூறு வயது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹால்டெய்ன் 1922-இல் யோசனை சொன்னார், ருட்யார்ட் கிப்ளிங் சடங்கை எழுதிக் கொடுத்தார், 1925-இல் மாண்ட்ரியாலில் முதல் நிகழ்ச்சி நடந்தது. படிப்பை முடிக்கும் பொறியாளர், தன் தொழிலில் மட்டமான வேலைக்குத் துணைபோக மாட்டேன் என்று உறுதி சொல்லி, வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் அதைப் போட்டுக்கொள்கிறார். வரைபடத்தாளில் கை நகரும்போதெல்லாம் அந்த வளையம் தாளில் உரசும். மேலே விரலைப் பற்றிச் சொன்னதற்கு இது விலக்குப்போலத் தோன்றலாம். இங்கே விரலுக்கு ஒரு வேலை இருக்கிறது, ஆகவே அதற்குக் காரணமும் இருக்கிறது. 1907-இல் கட்டும்போதே இடிந்து 75 பேரைக் கொன்ற கியூபெக் பாலத்தின் இரும்பிலிருந்து முதல் மோதிரங்கள் செய்யப்பட்டன என்று ஒரு கதை உலவுகிறது. கதை உண்மையில்லை. ஆனால் மோதிரத்தின் பொருள் அந்தக் கதையோடு விழுந்துவிடவில்லை, ஏனென்றால் அது இரும்பு எங்கிருந்து வந்தது என்பதை நம்பியிருக்கவில்லை. இன்று பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகில்தான் செய்கிறார்கள், அதனால் உறுதிமொழி நீர்த்துப்போய்விட்டதாக யாரும் சொல்வதில்லை. இந்த மோதிரமும் திட்டமிட்டு உண்டாக்கியதுதான். வித்தியாசம், இது அணிபவரின் நடத்தை மீது பாரம் ஏற்றுகிறது, டீ பியர்ஸ் மோதிரம் வாங்குபவரின் பணப்பை மீது ஏற்றுகிறது. மோதிரத்தின் பொருள் உலோகத்தில் இல்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1616-இல் ஷேக்ஸ்பியர் தன் உயிலில் நாடகக் கூட்டாளிகள் மூவருக்கு நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ளத் தலைக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதி வைத்தார். அவர்களில் பர்பேஜ் 1619-இல் காலமானார். மற்ற இருவர், ஹெமிங்சும் காண்டெலும், 1623-இல் அவருடைய 36 நாடகங்களைத் திரட்டிப் பதிப்பித்தார்கள். அவற்றில் பாதி அதுவரை அச்சேறாதவை. அந்த மோதிரங்கள் எப்படி இருந்தன என்று இன்று யாருக்கும் தெரியாது. நாடகங்கள் இருக்கின்றன.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. கடமையைச் சுட்டும் மோதிரம் உயர்ந்தது என்றால் முசோலினியை என்ன செய்வது? எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காகச் சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தபோது, 1935 டிசம்பர் 18 அன்று இத்தாலியப் பெண்கள் தங்கள் திருமண மோதிரங்களை நாட்டுக்குக் கொடுக்கும் நாள் நடத்தப்பட்டது. ரோமில் அரசி எலெனா முதலில் தன் மோதிரத்தைப் போட்டார். கொடுத்தவர்களுக்குப் பதிலாக மலிவு உலோக மோதிரம் கிடைத்தது. நாடகாசிரியர் பிராந்தெல்லோ தன் நோபல் பதக்கத்தையே கொடுத்தார். அங்கே கல் இல்லை, விலை இல்லை, தியாகம் இருந்தது, ஊரே சாட்சியாக நின்றது. நான் சொன்ன எல்லா அடையாளங்களும் பொருந்துகின்றன. பொருந்தாதது ஒன்று மட்டும்: கொடுக்காமல் இருக்கும் உரிமை. விரலில் தங்கம் மிஞ்சியிருந்தால் அக்கம்பக்கம் கேட்கும் நிலையில் கொடுத்தது வாக்கு ஆகாது, கப்பம் ஆகும். அதோடு அது இருவர் தமக்குள் செய்துகொண்ட வாக்கைக் கழற்றி வாங்கி, அவர்களைக் கேட்காமல் தொடங்கிய போருக்குச் செலவிட்டது. எனவே கடமை மட்டும் போதாது, அதை மனமுவந்து ஏற்றிருக்க வேண்டும், எதிர்ப்பக்கமும் கட்டுப்பட வேண்டும் என்று என் அளவுகோலைத் திருத்திக்கொள்கிறேன். 7ஏ பிரிவில் இருவரும் அணிவிக்க வேண்டும் என்ற சொற்கள் ஏன் முக்கியம் என்பது இங்கே இன்னும் நன்றாக விளங்குகிறது.

அழகுக்காகப் போடுவதில் தவறென்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி அணிந்த நகைகளை இளங்கோவடிகள் அடுக்கும்போது, வாளை மீனின் பிளந்த வாயைப் போலச் செய்த மோதிரமும், சிவந்த மணி பதித்த மோதிரமும், வயிரமும் மரகதமும் இழைத்த தாள்செறி என்ற விரலணியும் வருகின்றன. எந்த மோதிரத்துக்கும் தத்துவ விளக்கம் இல்லை. விரல் அழகாக இருந்தது, மோதிரம் அதைவிட அழகாக இருந்தது, அவ்வளவுதான். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அழகு என்று சொல்லி விற்றால் பிடித்தவர் வாங்குவார். வாழ்க்கையின் உறுதி என்று சொல்லி விற்கும்போதுதான் வாங்க முடியாதவன் தன் அன்பே குறைந்ததோ என்று கூசுகிறான்.

ராசிக்கல் மோதிரம் போடுபவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. நீலமோ புஷ்பராகமோ ஒருவருக்குத் தைரியம் தருமானால், தைரியம் தந்தது அவருடைய நம்பிக்கைதான் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தால் கதை வேறு. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தாயத்தையும் மந்திரத்தையும் கவசத்தையும் மாய நிவாரணம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, பட்டியலிட்ட நோய்களைத் தீர்ப்பதாக அவற்றை விளம்பரப்படுத்துவதைத் தடை செய்கிறது. எழுபது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் விதி, காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

நம் ஊர்த் திருமணங்களில் மோதிரம் எங்கே நிற்கிறது என்பதற்கு வருகிறேன். தமிழ்க் கிறித்தவர் திருமணங்களில் தாலியோடு மோதிரமும் நெடுநாளாக உண்டு. மற்றவர்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவதுதான் பழைய வழக்கம், மேடையில் மோதிரம் மாற்றுவது அண்மையில் வந்து சேர்ந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். இரு வீட்டுப் பெரியவர்கள் தட்டு மாற்றியபோது பேசாமல் உட்கார்ந்திருந்த பெண்ணும் பிள்ளையும், இப்போது தாங்களே ஒருவருக்கொருவர் ஏதோ செய்துகொள்கிறார்கள். அது ஒரு முன்னேற்றம். மெட்டி மனைவியின் காலில் மட்டும் ஏறுகிறது, தாலி மனைவியின் கழுத்தில் மட்டும் ஏறுகிறது. இரண்டு பேர் மீதும் ஏறும் ஒரே அடையாளம் மோதிரம்தான். கெடுவது எங்கே என்றால், மேடையில் இருவரும் மாற்றிக்கொள்ளும் மோதிரங்கள் இரண்டையும் பெரும்பாலும் யார் பணத்தில் வாங்குகிறார்கள் என்பதில். மாப்பிள்ளை மோதிரம் எத்தனை சவரன் என்ற பேச்சு ஜாதகப் பரிமாற்றத்துக்கு அடுத்த நாளே தொடங்கிவிடுகிறது. தலைத் தீபாவளிக்கு இன்னொன்று. பெண் வீட்டார் வாங்கிப் பெண் கையால் போடவைக்கும் மோதிரத்தால் மாப்பிள்ளை யாருக்கும் கடமைப்படவில்லை, எதிர்ப்பக்கம்தான் கடன்படுகிறது. மோதிரத்தின் வேலையே தலைகீழாகிவிட்டது. ஆசையாகக் கொடுக்கிறோம், இதில் என்ன வரதட்சணை என்று பெண்ணின் தந்தையே கேட்பார். ஆசை உண்மையாகவே இருக்கலாம். அந்த ஆசை மாப்பிள்ளை விரலுக்கு மட்டும் ஒழுங்காகச் சவரன் கணக்கில் வருவதும், மருமகள் விரலுக்கு அதே ஒழுங்கில் வராததும்தான் உறுத்துகிறது.

யார் கொடுத்தார் என்பதே மோதிரத்தின் பொருளைத் தீர்மானிக்கிறது என்பது தமிழருக்குப் புதிய செய்தியும் இல்லை. 1959-இல் சென்னை மாநகராட்சித் தேர்தல் வெற்றிக்காக அண்ணா பொதுமேடையில் மு. கருணாநிதிக்கு மோதிரம் அணிவித்தார். அதை வாங்கியது யார் என்று கண்ணதாசன் தன் வனவாசம் நூலில் எழுதியதைத் தொட்டுத் தலைமுறைகள் தாண்டியும் மேடைகளில் சண்டை நடந்தது. எத்தனை சவரன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதற்கு ஒரு நடைமுறை வழியைச் சட்டமே தந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், கேட்காமல் கொடுத்த திருமணப் பரிசுகளுக்கு விலக்கு அளிக்கிறது, ஆனால் அவை பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 1985-இல் வந்த விதிகளின்படி, பரிசு என்ன, தோராய மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்று எழுதி, மணமகனும் மணமகளும் கையெழுத்திட வேண்டும். இந்தப் பட்டியலை எழுதும் வீடுகள் அரிது. மொய் நோட்டில் நூற்றொரு ரூபாயைக்கூட விடாமல் எழுதும் நாம், இதை மட்டும் எழுத வெட்கப்படுகிறோம். 2023 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் ஹால்மார்க் தங்க நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்க வேண்டும் என்பதால், மோதிரம் எங்கே சோதிக்கப்பட்டது என்பதை அதைக்கொண்டு அறியலாம், எத்தனை தரம் என்பது மோதிரத்திலேயே பதிந்திருக்கிறது. மிச்சத்தைக் குடும்பங்கள்தான் எழுத வேண்டும். நிச்சயத்துக்கு முந்தைய வாரமே இரு வீட்டாரும் உட்கார்ந்து, மணமகன் மோதிரத்தை மணமகளின் சம்பாத்தியத்திலும் மணமகள் மோதிரத்தை மணமகனின் சம்பாத்தியத்திலும் வாங்குவது, எடை இரண்டுக்கும் ஒன்றே என்று பேசி முடிக்கலாம். முடிந்தால் தங்கம், முடியாவிட்டால் வெள்ளி. பேசியதைப் பட்டியலில் ஏற்றிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால், மாப்பிள்ளைக்கு எத்தனை சவரன் என்று தரகர் கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.